மார்பகச் சீரமைப்புக்குப் பின்: காய்ச்சலை மறைக்காதீர்கள்

"கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் ஏன் படுத்துக்கிட்டிருக்கே?"

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றி, அதே இடத்தில் சிலிகோன் பை வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்கள், இரண்டாவது வாரத்திலேயே கேட்க நேரும் கேள்வி இது. கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பெண் எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார், பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கவும் எழுகிறார். சட்டைக்குள் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. அந்தப் பெண்ணும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் சில நேரங்களில் வைத்த பையை இழப்பதில் கொண்டு போய் விடுகிறது.

மலேசியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கை, 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு இருப்பதாகக் கூறுகிறது. அக்டோபர் மாதம் வந்தால் பரிசோதனை பற்றி நிறையப் பேசுகிறோம். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

உள்ளே என்ன வைக்கிறார்கள்?

மார்பகத்தை அகற்றும்போது உள்ளிருக்கும் திசு முழுவதும் எடுக்கப்படுகிறது. மேல்தோல் போதுமான அளவு மிஞ்சியிருந்து, அதற்கு இரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால், அப்போதே நிரந்தரப் பையை வைத்துவிடலாம். இல்லையென்றால் முதலில் ஒரு விரிப்புப் பையை வைப்பார்கள். பலூன் போன்ற இந்தப் பையில் ஊசி போடுவதற்கென ஒரு வாய் உண்டு. காயம் ஓரளவு ஆறிய பின், வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கு மேலிருந்து ஊசி வழியாக உப்பு நீரைச் செலுத்தித் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிய வைப்பார்கள். சில மாதங்கள் கழித்து இரண்டாவது அறுவையில் இந்தப் பையை எடுத்துவிட்டு நிரந்தரப் பை வைக்கப்படும். ஆக, பலருக்கு இது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. கீமோ, கதிரியக்கச் சிகிச்சை இரண்டும் தேவைப்படுபவருக்கு முழுப் பயணமும் ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம்.

ஊசி வாய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, பல விரிப்புப் பைகளில் காந்தம் வைத்திருப்பார்கள். அதனால் அந்தக் காலத்தில் யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே விரிப்புப் பை இருப்பதை உடனே சொல்லிவிட வேண்டும். நிரந்தர சிலிகோன் பைக்கு இந்தத் தடை கிடையாது.

பை நகராமல் தாங்கிப் பிடிக்கச் சில மருத்துவர்கள் அதைச் சுற்றி மெல்லிய தோல் விரிப்பு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். இது மனிதத் தோலில் இருந்தும், பன்றி அல்லது மாட்டுத் தோலில் இருந்தும் பதப்படுத்தித் தயாரிக்கப்படுகிறது. செயற்கை இழையால் ஆனதும் உண்டு. மாட்டுப் பொருள் உடம்பில் வேண்டாம் என்று நினைப்பவர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டுவிடலாம். டாக்டர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பல சமயத்தவர் வாழும் இந்நாட்டில் அவருக்கு இது புதிய கேள்வி அல்ல.

வடிகுழாயும் ஒரு பயிற்சிப் புத்தகமும்

சில நாளில் மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலோர் விலாப்பக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு வடிகுழாய்களோடுதான் வீடு திரும்புகிறார்கள். குழாயின் முனையில் கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். காயத்தினுள் ஊறும் நீரை அது உறிஞ்சி எடுக்கிறது. குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றிய நிலையில் மூடினால்தான் உறிஞ்சும். காலியாக்கிவிட்டு அமுக்காமல் மூடினால் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கும் நீர் கிருமிக்கு நல்ல இடமாகிவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அழகாகச் செய்யும். முதலில் சிவப்பாக இருக்கும் நீர், நாளாக ஆக இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர் மஞ்சளாக மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்கும் குறைவாகத் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுத்துவிடுவது பொதுவான வழக்கம். ஒருவருக்கு ஒரு வாரத்தில் எடுக்கலாம், இன்னொருவருக்கு மூன்று வாரமும் ஆகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்தே நாளில் எடுத்தார்களே என்று ஒப்பிட்டுக் கலங்குவதில் பயனில்லை.

குமிழைத் தொங்கவிட்டால் குழாய் தோலை இழுத்து வலிக்கும். சட்டையின் உள்பக்கம் ஊக்கால் குத்திக்கொள்ளலாம். தலைக்கு மேல் கையைத் தூக்கிப் போடும் சட்டை இப்போது உதவாது. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டியோ கணவரின் பழைய சட்டையோ போதும். கம்பி வைத்த உள்ளாடை கூடாது. நீண்ட தாலிக்கொடி தையலில் உரசினால் சில வாரங்களுக்கு அதைக் குட்டையாக்கிக்கொள்ளலாம். எப்போது குளிக்கலாம் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும் என்பதால், வீட்டுக்குப் புறப்படும் முன் மிஸ்ஸியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காய்ச்சல் வந்தால்

இந்தச் சிகிச்சையில் பயப்பட வேண்டியது கிருமித் தொற்றுக்குத்தான். உடம்பின் சொந்தத் தசையில் கிருமி சேர்ந்தால் இரத்தத்தில் வரும் வெள்ளணுக்களும் மருந்தும் அங்கே போய்ச் சேரும். சிலிகோன் பைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன் மேல் படிந்து ஒட்டிக்கொண்டால் மருந்து அதை எளிதில் எட்டாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் கிருமிக்கொல்லி மருந்தால் பலரின் பையைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் பையை எடுப்பதைத் தவிர வழி இருக்காது. அப்படி எடுத்துவிட்டால் திரும்ப வைக்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் சில வாரங்களில் தொடங்க வேண்டிய கீமோ, தொற்று அடங்கும் வரை தள்ளிப்போகும்.

இங்கேதான் வீட்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. உடம்பு லேசாகச் சுட்டால் இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு, "காலையில் பார்ப்போம்" என்று படுத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். மகன் வேலை முடிந்து இப்போதுதான் வந்திருக்கிறான், மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம், அடுத்த பரிசோதனைதான் நான்கு நாளில் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாய்க் காரணம் சேரும். பெனடோல் காய்ச்சலை இறக்கிவிடும், கிருமியை ஒன்றும் செய்யாது. மறுநாள் டாக்டர் அளக்கும்போது சூடு சரியாக இருக்கும், உள்ளே நோய் வளர்ந்திருக்கும். மாத்திரை போடும் முன் சூட்டை அளந்து எழுதி வைக்க வேண்டும். 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே, இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனையை அழைக்க வேண்டும். தொலைபேசி கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்கே போய்விடலாம்.

காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரலாம். மருத்துவமனை தரும் கையேடுகளில் "தோல் சிவந்தால்" என்று எழுதியிருக்கும். நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. முன்பைவிடக் கருமையாகவோ ஊதா சாயலாகவோ தெரிந்தாலும், மினுமினுப்பாக இறுகியிருந்தாலும், புறங்கையை வைத்துப் பார்க்கும்போது மறுபக்கத்தைவிடச் சூடாக இருந்தாலும் அது அந்தச் "சிவப்பு"க்குச் சமம்தான். தினமும் ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். டாக்டரிடம் காட்டவும் உதவும்.

முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். தோலின் ஓரம் கறுத்துப் போவது, தையல் விட்டுப் பிரிவது, குழாயில் வரும் நீர் கலங்கி நாற்றமெடுப்பது ஆகியவையும் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. மூச்சு முட்டினாலோ ஒரு காலின் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ ஆம்புலன்ஸை அழைக்க 999.

பத்தியம், வெற்றிலை, கோடாலித் தைலம்

காயம் ஆறும் வரை முட்டை வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம், சீழ் பிடிக்கும் என்று சொல்லும் பாட்டி எந்தத் தோட்டத்திலும் இருப்பார். அவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். ஆனால் தோலும் தசையும் கூடுவதற்குப் புரதம் வேண்டும். இரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டால் காயம் ஆறுவது தாமதமாகும். ஒவ்வாமை இல்லாதவர் முட்டையும் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம். சைவம் என்றால் பருப்பு, தயிர், தௌவு, தெம்பே.

நீரிழிவு உள்ளவர் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும். சர்க்கரை கூடினால் காயம் ஆறாது, கிருமிக்கும் வசதி. புகைப்பவர் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அதைக் கேட்டு, நமக்கில்லை என்று தலையாட்டிவிட்டு வருகிற மூத்த பெண்களில் சிலர் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள். வாயில் அடக்கும் புகையிலையிலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது. அது நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். மார்பகம் எடுத்த பின் மிஞ்சிய மெல்லிய தோல் அந்தக் குழாய்களை நம்பித்தான் உயிரோடிருக்கிறது. டாக்டர் கேட்கவில்லை என்றாலும் புகையிலைப் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மார்பின் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும். அறுவையில் சிறு நரம்புகள் அறுபடுவதால் இது தவிர்க்க முடியாதது. சிலருக்கு ஓரளவு திரும்பும், பலருக்கு மரத்த நிலை நிரந்தரமாகவே இருந்துவிடும். இதனால்தான் சுடுதண்ணீர்ப் பையும் ஒத்தடமும் ஆபத்து. சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும். வலிக்கிறதே என்று கோடாலித் தைலம் தேய்ப்பதும், தையல் மேல் மஞ்சள் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். வலிக்குத் தந்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வதே நல்லது. வலியைப் பொறுத்துக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருப்பவருக்குத் தோள்பட்டை இறுகிப்போகும்.

கையை எவ்வளவு தூக்கலாம்?

குழாய் இருக்கும் வரை முழங்கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்காமல், தலை சீவுவது, பல் துலக்குவது போன்ற லேசான வேலைகளைச் செய்யலாம். பிறகு உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொல்லும் வேகத்தில், சுவரில் விரல்களால் நடந்தபடி கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டு போக வேண்டும். முதல் நாள் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கனம் தூக்குவது வேறு விஷயம். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு 10 கிலோ அரிசிப் பை, தண்ணீர் வாளி, கேஸ் தோங், பேரப்பிள்ளை எதுவும் கூடாது. பேரப்பிள்ளைதான் இதில் மிகக் கடினம். பாட்டி உட்கார்ந்த பிறகு வேறொருவர் பிள்ளையை மடியில் வைக்கலாம். கொடியில் ஈரத்துணி போடுவதும் மாவு பிசைவதும் மார்புத் தசையை இழுக்கும் வேலைகள். மல்லாந்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குவது எளிது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு டாக்டரின் அனுமதி வேண்டும். காரில் போகும்போது இருக்கை வாருக்கும் மார்புக்கும் இடையில் ஒரு சிறிய தலையணை வைத்துக்கொள்ளலாம், வாரைப் போடாமல் விடக்கூடாது.

அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை பிற்காலத்தில் வீங்கக்கூடும். ஒரு சிறு வெட்டு, முள், பூச்சிக்கடி கூட அதைத் தொடங்கிவைக்கலாம். பால்மரம் வெட்டுபவரும் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குபவரும் அந்தக் கைக்கு எப்போதும் கையுறை போட வேண்டும். கீறல் பட்டால் கழுவி மருந்து போட வேண்டும். மோதிரமும் வளையலும் திடீரென்று இறுக்கமாகத் தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி.

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் நான்கு முதல் ஆறு வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்து வெளிக்காட்டு வேலைக்கும் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் வேலைக்கும் அது போதாது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டால் 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கிராணியிடம் எம்.சி. கொடுக்கும்போது ஒரு பிரதி கையில் இருக்கட்டும். திரும்பிய பின் சில வாரத்துக்கு இலகுவான வேலை தர வேண்டும் என்று டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கலாம். பையின் விலை, பயணச் செலவு பற்றிக் கவலை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அறுவைக்கு முன்பே பார்க்க வேண்டும். முடிந்த பிறகு பில்லைக் கொண்டுபோய்க் காட்டுவதைவிட அது எளிது.

கண்ணாடியில் பார்ப்பது

கட்டு பிரித்த முதல் நாள் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பை மேலே ஏறி, இறுகி, சதுரமாகத் தெரியும். அது இறங்கி அமர்ந்து உருவம் பெற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆகவே தீபாவளிக்குப் புது இரவிக்கை தைக்க அவசரப்பட வேண்டாம். அமர்ந்த பிறகும் அது பழைய மார்பகமாக இருக்காது. காம்பு இருக்காமல் போகலாம், அதைப் பின்னர் தனியாக அமைக்கலாம் அல்லது பச்சை குத்திக்கொள்ளலாம். தொட்டால் குளிர்ந்திருக்கும், கேமரன் மலைக்குப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். தசைக்கு அடியில் பை வைத்தவர்களுக்கு, கோயிலில் கைகளை அழுத்திக் கும்பிடும்போது பை மேலே துள்ளும். முன்பே தெரியாதவர் பயந்துபோவார். தசை சுருங்குவதால் வருவது அது, பை எங்கும் ஓடிவிடாது. தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டவர், கையைத் தூக்கிக் குடத்தைப் பிடித்தபடி பத்துமலையின் 272 படிகளை ஏற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறிப்பது நல்லது. நேர்த்திக்கடன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனால் முருகன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கணவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மனைவி அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது பயம்தான், தொட்டால் வலிக்குமோ என்ற பயம். குழாய் நீரை அளக்கும் வேலையை முதல் நாளிலிருந்தே கணவர் எடுத்துக்கொண்டால் அந்தத் தயக்கம் பாதி கரைந்துவிடும். இதையெல்லாம் பேச வீட்டில் ஆள் இல்லாதவர்கள், இதே வழியைக் கடந்து வந்த பெண்களோடு பேச மருத்துவமனையின் மார்பகப் பராமரிப்புத் தாதியிடம் உதவி கேட்கலாம். சீரமைப்பே வேண்டாம், உள்ளாடைக்குள் செயற்கை மார்பகம் வைத்துக்கொள்கிறேன் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அதில் எந்தக் குறையும் இல்லை.

ஆண்டுகள் கழித்து

சிலிகோன் பை வாழ்நாள் முழுவதும் தாங்கும் பொருள் அல்ல. உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை அமைத்துக்கொள்ளும். சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கிப் பையை இறுக்கி வலி தரும். கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இதன் வாய்ப்பு அதிகம். பை உள்ளே கிழிந்தாலும் வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம். அதனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வைத்த ஐந்தாறு ஆண்டில் முதல் முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பான பைகளோடு தொடர்புடைய அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றும் உண்டு. அதன் காரணமாக 2019 ஜூலையில் ஒரு வகைப் பை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எல்லாம் ஆறி ஆண்டுகள் ஓடிய பின் அந்தப் பக்கம் திடீரென்று வீங்கினால் உடனே காட்ட வேண்டும். மறுபக்க மார்பகத்துக்கு மெமோகிராம் தொடர வேண்டும்.

பை வைத்த நாளில் மருத்துவமனை ஓர் அட்டை தரும். எந்த நிறுவனத்தின் பை, என்ன அளவு, வரிசை எண் என்ன, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பதெல்லாம் அதில் இருக்கும். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் கேட்பது அதைத்தான். அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டு, மகளின் கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வைக்கலாம்.